வானலை வரலாறு – 9: லுஸாகாவின் நீலப் பெட்டி

1932ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லண்டனிலிருந்து தொடங்கிய சாம்ராஜ்ய ஒலிபரப்பு, கடல் கடந்த தேசங்களில் குடியேறியிருந்த வெள்ளையரைத் தாய்நாட்டோடு பிணைத்து வைப்பதையே தன் முதல் நோக்கமாகக் கொண்டிருந்தது என்பதையும், அந்தத் தேசங்களின் சொந்த ஜனங்கள் அதன் திட்டத்தில் கேட்போர் என்ற கணக்கில்கூடச் சேரவில்லை என்பதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். நைரோபியில் 1928ஆம் ஆண்டிலேயே எழுந்த ஒலிபரப்பும் வெள்ளைக் குடியேற்றக்காரர்களுக்காக எழுந்ததுதான். 1935ஆம் ஆண்டில் கோல்டு கோஸ்டின் தலைநகரான அக்ராவில் கவர்னர் ஆர்னால்டு ஹாட்ஸன் தொடங்கிவைத்த நிலையம் ஆப்பிரிக்கரின் செவிக்கும் எட்டியது என்றாலும், கம்பி வழியே வீடுகளில் பொருத்தப்பட்ட ஒலிபெருக்கிப் பெட்டிகளையே அது நம்பியிருந்தபடியால், சந்தா கட்ட வசதியுள்ள நகரவாசிக்கு மட்டும் அது பயன்பட்டது; கம்பி முடிந்த இடத்தில் அதன் குரலும் முடிந்தது.

கிராமத்துக் குடிசையில் வாழும் சாதாரண ஆப்பிரிக்கன், தன் சொந்தக் காசைக் கொடுத்து ஒரு ரேடியோ வாங்கி, தன் சொந்த மொழியில் செய்தியும் பாட்டும் கேட்கக்கூடிய காலம் எப்பொழுது, எங்கே, எவ்வாறு பிறந்தது என்பதையும், அவ்வாறு கேட்கத் தொடங்கியவன் கேட்டதையெல்லாம் நம்பிவிட்டானா என்பதையும் ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். அதற்கு நாம் போகவேண்டிய இடம், இன்று ஜாம்பியா என்று வழங்கும் நாடாகிய அன்றைய வட ரொடீஷியா.

போர்க்காலத்தில் பிறந்த நிலையம்

நான்கு புறமும் நிலத்தால் சூழப்பட்டு, ஏறத்தாழ 2,90,000 சதுர மைல் பரப்பில் விரிந்து கிடக்கும் அந்த நாட்டில், அக்காலத்தில் ஜனத்தொகை மிகக் குறைவு; கிராமத்துக்கும் கிராமத்துக்கும் இடையே காடும் புல்வெளியுமாக நெடுந்தூரம். வடக்கே லுவான்ஷியா, ந்கானா, முஃபுலிரா ஆகிய இடங்களில் செப்புச் சுரங்கங்கள் தோண்டப்பட்ட பிறகு, பல ஜாதியினரும் பல மொழியினருமான ஆண்கள் ஊரைவிட்டுச் சுரங்க நகரங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். 1935ஆம் ஆண்டிலும் 1940ஆம் ஆண்டிலும் அச்சுரங்கங்களின் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. ஜனங்களோடு பேசுவதற்குத் தன்னிடம் எந்தச் சாதனமும் இல்லை என்பதைச் சர்க்கார் உணர்ந்ததற்கு அந்தச் சம்பவங்களும் ஒரு காரணம் எனலாம்.

இரண்டாம் உலகப் போர் அந்த உணர்வைத் துரிதப்படுத்தியது. வட ரொடீஷியப் படையைச் சேர்ந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சோமாலிலாந்துக்கும் மடகாஸ்கருக்கும் போனார்கள். பின்னர் இலங்கையில் தங்கியிருந்து, அங்கிருந்து பர்மாவின் போர்முனைக்கும் சென்றார்கள். மகன் எங்கே இருக்கிறான், போர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஏங்கிய குடும்பங்களுக்குச் சேதி சொல்லவும், போர் முயற்சிக்கு ஆதரவு திரட்டவும், 1941ஆம் ஆண்டில் தலைநகரான லுஸாகாவில் சர்க்காரின் செய்தி இலாகா ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை நிறுவியது. அந்த இலாகாவின் தலைவராக இருந்தவர் ஹாரி பிராங்க்ளின் என்ற ஆங்கிலேய அதிகாரி.

போர் முடியும் தறுவாயில், 1945ஆம் ஆண்டில், பிராங்க்ளின் ஒரு யோசனையை முன்வைத்தார். வெள்ளையர் எண்ணிக்கையில் சிலரே. அவர்களுக்கு லண்டன் ஒலிபரப்பும் உண்டு, தென் ரொடீஷியாவின் ஸாலிஸ்பரி ஒலிபரப்பும் உண்டு. ஆதலால் லுஸாகா நிலையம் முழுக்க முழுக்க ஆப்பிரிக்கருக்காகவே பேசட்டும் என்பதுதான் அந்த யோசனை. ஏழை நாடான வட ரொடீஷியாவால் மட்டும் அச்செலவைத் தாங்க இயலாது என்பதால், தென் ரொடீஷியாவும் நியாஸாலாந்தும் பங்கு கொடுக்க, பிரிட்டிஷ் அரசாங்கமும் மானியம் வழங்க, மத்திய ஆப்பிரிக்க ஒலிபரப்பு நிலையம் உருவாயிற்று. ஸாலிஸ்பரி வெள்ளையருக்கு, லுஸாகா கறுப்பருக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினை, அன்று அந்நாடுகளின் ரயிலிலும் கடையிலும் நிலவிய நிறபேதத்தை வானத்திலும் கோடு கிழித்துக் காட்டியதே என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அந்தப் பேதத்தின் விளைவாகவே, ஆப்பிரிக்கக் கேள்வியாளனைத் தவிர வேறு எவரையும் மனத்தில் கொள்ளத் தேவையில்லாத ஒரு நிலையம் அக்கண்டத்துக்குக் கிடைத்தது என்பதும் சரித்திரம்.

ஏழைக்கு ஒரு ரேடியோ

நிலையம் இருந்தது, கேட்பதற்குப் பெட்டி இல்லை. அக்கால ரேடியோக்கள் மரப்பேழைகளில் அடங்கிய ஆடம்பரப் பொருள்கள், மின்சாரம் வேண்டுபவை, வெப்ப நாட்டின் ஈரத்துக்கும் கறையானுக்கும் ஈடுகொடுக்க மாட்டாதவை, விலையோ ஒரு கிராமவாசி கனவிலும் எண்ணிப் பார்க்க இயலாதது. பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டத்தைக் கேட்கச் செய்வது ஒரு வழி. ஆனால் பரந்து கிடந்த அந்த நாட்டில் எத்தனை இடங்களில் அவ்வாறு வைக்க முடியும்? அவனவன் வீட்டிலேயே ஒரு ரேடியோ இருந்தாலன்றி இது பலிக்காது என்று பிராங்க்ளின் உறுதிகொண்டார்.

மின்கலத்தால் இயங்கும், குறும்பட்டை அலைகளை மட்டும் வாங்கும், மிக எளிய, மிக மலிவான ஒரு ரேடியோவைச் செய்து தாருங்கள் என்று இங்கிலாந்தின் உற்பத்தியாளர்களை அவர் ஏறக்குறைய மூன்று ஆண்டு காலம் வற்புறுத்தினார். ஆப்பிரிக்கக் கிராமவாசி ரேடியோ வாங்குவான் என்பதையே அவர்களில் பெரும்பாலோர் நம்ப மறுத்தனர். முடிவில் எவர் ரெடி என்ற மின்கலக் கம்பெனி ஆராய்ச்சிக்குப் பணம் போட முன்வந்தது. ரேடியோ விற்றால் மின்கலமும் தொடர்ந்து விற்கும் என்பது அந்த வியாபாரத்தின் தர்க்கம். பரீட்சார்த்தமாகச் செய்யப்பட்ட மாதிரிகளில் ஒன்றின் உறுப்புகள், சமையற் பாத்திரமாக விற்பதற்கென்று வார்க்கப்பட்டிருந்த 9 அங்குல விட்டமுள்ள ஓர் அலுமினியக் கூட்டுக்குள் பொருத்தப்பட்டன. அந்தக் கூடு மலிவானது, உடையாதது, கறையான் அரிக்காதது. 1949ஆம் ஆண்டில் ‘சாஸ்பான் ஸ்பெஷல்’ என்ற பெயரோடு அது சந்தைக்கு வந்தது.

அந்தப் பெட்டியைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். வட்ட வடிவம், நீல வர்ணம், உள்ளே வெப்பநாட்டுச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றவாறு பக்குவப்படுத்தப்பட்ட நான்கு வால்வுகள், வெளியே தனியாக ஒரு கனத்த உலர் மின்கலம். ரேடியோவின் விலை 5 பவுன். மின்கலத்தின் விலை 1 பவுன் 5 ஷில்லிங். ஒரு மின்கலம் சுமார் 300 மணி நேரம் உழைக்கும். தினம் 3 மணி நேரம் கேட்கும் ஒரு குடும்பத்துக்கு 100 நாளில் மின்கலம் தீர்ந்துவிடும் என்று கணக்கிட்டால், ஓராண்டின் மின்கலச் செலவு ரேடியோவின் விலையையே நெருங்கிவிடுகிறது. சுரங்கத்தில் கூலி வாங்கிய தொழிலாளிக்கே இது சிறிய தொகையன்று; சோளம் பயிரிட்டு வாழ்ந்த கிராமவாசிக்கு மிகப் பெரிய தொகை. அப்படியிருந்தும் முதல் மூன்று மாதங்களில் 1,500 பெட்டிகள் விற்றன. அடுத்த சில ஆண்டுகளில் விற்பனை 50,000 என்ற அளவை எட்டியது. வாங்க மாட்டார்கள் என்று வியாபார நிபுணர்கள் தீர்ப்புச் சொன்ன ஜனங்கள், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த காசை எண்ணி வைத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்த வாங்குதலை நான் மிக முக்கியமானதென்று கருதுகிறேன். சர்க்கார் இனாமாகக் கொடுத்திருந்தால் அந்தப் பெட்டி சர்க்காரின் பெட்டியாகவே இருந்திருக்கும். தன் உழைப்பின் காசைக் கொடுத்து வாங்கியவனுக்கு, திறப்பதும் மூடுவதும், நம்புவதும் நம்பாததும் தன் உரிமை என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வீடு வந்து சேர்ந்தது. கற்பிக்கும் கருவி ஒன்றை விற்பனை செய்வதாகச் சர்க்கார் எண்ணியது. ஜனங்களோ தங்கள் தீர்ப்புக்கு உட்பட்ட ஒரு சாட்சியை வாங்கிச் சென்றனர்.

பாட்டும் மொழியும்

லுஸாகா நிலையம் பெம்பா, நியாஞ்ஜா, டோங்கா, லோஸி, ஷோனா, ந்டெபெலே ஆகிய மொழிகளிலும், எளிய ஆங்கிலத்திலும் பேசியது. ஒரே நிலையம் இத்தனை மொழிகளுக்கும் நேரத்தைப் பங்கிட வேண்டியிருந்ததால், தன் மொழியின் முறை வரும்வரை பிற மொழிகளின் பேச்சும் பாட்டும் கேட்டுக்கொண்டிருப்பது கேட்போருக்குப் பழக்கமாயிற்று. பெம்பாக்காரனுக்கு லோஸிப் பாட்டும், டோங்காக்காரனுக்கு நியாஞ்ஜாக் கதையும் அறிமுகமாயின. ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அக்கம்பக்கத்தார் அனைவரும் மாலையில் அங்கே கூடுவது வழக்கமானபடியால், விற்ற பெட்டிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கேட்டவர்களின் எண்ணிக்கையை மதிப்பிடுவதே தவறாகிவிடும்.

நேயர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. இன்ன பாட்டு வேண்டும், சுரங்கத்திலிருக்கும் என் அண்ணனுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும் என்று கேட்பவை பல. சாகுபடியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சந்தேகம் கேட்பவை சில. எழுத்தறிவு அரிதாயிருந்த அந்நாட்டில், எழுதத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து எழுதச் செய்து அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. விருப்பப் பாடல் நிகழ்ச்சி, பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கிடையே தபாலுக்கும் முந்திய தபாலாக அமைந்தது.

பாட்டுக்கு எங்கே போவது? ஐரோப்பிய இசைத்தட்டுகளை ஆப்பிரிக்கர் விரும்பவில்லை. அவர்களுடைய பாட்டோ தட்டுகளில் இல்லை. ஆகவே நிலையத்தார் ஒலிப்பதிவுச் சாதனங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அறுவடைப் பாட்டு, திருமணப் பாட்டு, படகோட்டிகளின் பாட்டு, வேட்டைக்காரரின் கதை என்று அவர்கள் பதிந்து கொண்டுவந்தவை, ஆப்பிரிக்க நாட்டு இசையின் மிகப் பெரிய சேகரங்களுள் ஒன்றாகப் பெருகின.

இந்தப் பணியில் தலைசிறந்து விளங்கியவர் அலிக் ந்காட்டா. 1922ஆம் ஆண்டில் பிறந்து, ஆசிரியராகப் பயிற்சி பெற்று, உலகப் போரில் பர்மா சென்று திரும்பியவர் அவர். ஆப்பிரிக்க இசையைத் தொகுப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஹியூ டிரேஸி என்பாரோடு ஊர் ஊராகச் சென்று நாட்டுப் பாடல்களைப் பதிவு செய்த அனுபவத்தோடு லுஸாகா நிலையத்துக்கு வந்தார். கிராமத்துப் பாட்டின் மெட்டைக் கிதார் வாத்தியத்துக்கு இசைய வைத்துத் தம் குழுவினரோடு அவர் பாடிய பாடல்களில், ஊரைவிட்டுச் சுரங்கத்துக்குப் போனவனின் ஏக்கமும், நகரத்தில் மாறிப்போன குடும்ப வாழ்க்கையும் பொருளாயின. லண்டனின் குரலைக் கொண்டுவருவதற்காக ஏற்படுத்தப்பட்ட சாதனம், ஒரு பத்தாண்டுக்குள் அந்த ஜனங்களின் சொந்தக் குரலையே அவர்களுக்குத் திருப்பிக் கேட்பித்தது.

சந்தேகம் சூழ்ந்த காலம்

இவ்வளவு அன்போடு ஏற்றுக்கொள்ளப்பட்ட நிலையத்துக்கு 1952, 1953ஆம் ஆண்டுகளில் பெரும் சோதனை வந்தது. வட ரொடீஷியாவையும் தென் ரொடீஷியாவையும் நியாஸாலாந்தையும் ஒரே கூட்டாட்சியாக இணைப்பதென்று பிரிட்டிஷ் அரசாங்கம் தீர்மானித்தது. தென் ரொடீஷியாவின் வெள்ளையர் ஆதிக்கம் வடக்கேயும் பரவி, தங்கள் நிலம் பறிபோகும் என்று ஆப்பிரிக்கர் அஞ்சினர். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் தலைவர் ஹாரி ந்கும்புலா, 1953ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்தத் திட்டத்தை விவரிக்கும் வெள்ளை அறிக்கையின் தாள்களைப் பொதுக்கூட்டத்தில் தீயிட்டுக் கொளுத்தினார். தொடக்கத்தில் இவ்விஷயத்தில் நடுநிலை வகித்த சர்க்கார் அதிகாரிகள், பிற்பாடு கூட்டாட்சியை ஆதரித்துப் பிரசாரம் செய்யப் பணிக்கப்பட்டார்கள். சர்க்காரின் உறுப்பாகிய நிலையம் என்ன செய்யும்?

அந்நாள்களை நிலையத்தின் உள்ளிருந்தே கண்டு எழுதியவர் பீட்டர் பிரேங்கல். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து சிறுவனாகப் பெற்றோருடன் வட ரொடீஷியாவுக்கு அகதியாக வந்து, ஐம்பதுகளில் மைக்கேல் கிட்டர்மாஸ்டரின் தலைமையில் நடந்த லுஸாகா நிலையத்தில் பணியாற்றிய அவர், 1959ஆம் ஆண்டில் ‘வயலேஷி’ என்ற நூலை வெளியிட்டார். ஒலிபரப்பு வரலாற்றில், பேசியவர்களைப் போலவே கேட்டவர்களையும் பொருட்படுத்தி எழுதப்பட்ட நூல்கள் சிலவற்றுள் அது ஒன்று.

கூட்டாட்சிக்கு எதிர்ப்பைக் குலைப்பதற்காக ஆப்பிரிக்கருக்கு விற்கும் சர்க்கரையில் சர்க்கார் நஞ்சு கலக்கிறது, அதை உண்டால் குழந்தைகள் இறந்து பிறக்கும், ஆண்கள் வலிமை இழப்பர் என்ற வதந்தி அப்போது நாடெங்கும் பரவியது. மனிதரைக் கவர்ந்து சென்று இரத்தத்தை எடுப்பவர்கள் என்று முன்னமே அஞ்சப்பட்ட ‘பன்யாமா’ என்ற கற்பனைக் கொடியவர்கள், இப்போது ஆட்களைப் பிடித்து அவர்களுடைய சுயபுத்தியை அழித்துக் கூட்டாட்சிக்கு இணங்கச் செய்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நேற்றுவரை ஜனங்களின் அன்புக்குப் பாத்திரமாயிருந்த ஆப்பிரிக்க அறிவிப்பாளர்களே பன்யாமாவின் கையாட்கள் என்று சந்தேகிக்கப்பட்டனர்.

படித்தவர்கள் இவ்வதந்திகளை அறியாமை என்று தள்ளிவிடக்கூடும். அவ்வாறு தள்ளுவது நியாயமன்று. சர்க்கரையில் நஞ்சில்லை என்பது உண்மையே. ஆனால் தங்களைக் கேளாமல், தங்கள் விருப்பத்துக்கு மாறாகத் தங்கள் நாட்டின் விதி நிர்ணயிக்கப்படுகிறது என்ற அந்த ஜனங்களின் உள்ளுணர்வும் உண்மையே. தங்கள் சம்மதம் இன்றியமையாததென்று கருதுவோர் எவரும் ஆட்சியில் இல்லை என்பதை அறிந்தவர்கள், அந்தச் சம்மதத்தைத் திருட்டு வழியில் எடுக்க முயல்வார்கள் என்று அஞ்சியதில் ஒரு தர்க்கம் இருந்தது. நிலையம் மறுத்துப் பேசினாலும், மறுக்கும் வாய் சர்க்காரின் வாயாகவே இருந்தபடியால், மறுப்பே வதந்திக்குச் சாட்சியாயிற்று. பாட்டுக்காகவும் உறவினரின் சேதிக்காகவும் பெட்டியைத் திறந்தவர்கள், அரசியல் பேச்சு வந்ததும் தங்கள் நம்பிக்கையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பெட்டியை அவர்கள் உடைத்துவிடவில்லை. காதைக் கொடுப்பதும் மனத்தைக் கொடுப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை ஆட்சியாளருக்கு அவர்கள் தெளிவாகவே உணர்த்தினார்கள்.

1953ஆம் ஆண்டில் கூட்டாட்சி அமைந்தது. 1958ஆம் ஆண்டில் ஸாலிஸ்பரியைத் தலைமையிடமாகக் கொண்ட கூட்டாட்சி ஒலிபரப்புக் கழகம் லுஸாகா நிலையத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. பத்தே ஆண்டுகளில், 1963ஆம் ஆண்டின் இறுதியில், அந்தக் கூட்டாட்சியே கலைந்து போயிற்று. எத்தனை ஒலிபரப்பினாலும் அதற்கு ஜனங்களின் சம்மதத்தைத் தேடித்தர முடியவில்லை.

விடுதலைக்குப் பின்

1964ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி ஜாம்பியா சுதந்திர நாடாயிற்று. கென்னத் கவுண்டா முதல் ஜனாதிபதியானார். ‘ஒரே ஜாம்பியா, ஒரே தேசம்’ என்ற கோஷம் வானொலியின் நித்திய வாசகமாயிற்று. பெம்பா, நியாஞ்ஜா, டோங்கா, லோஸி, லுண்டா, லுவாலே, காவோண்டே என்ற ஏழு மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒலிபரப்பு நேரத்தைப் பங்கிடுவது அரசியலின் நுட்பமான விவகாரங்களுள் ஒன்றாகியது. எந்த மொழிக்கு எத்தனை மணி என்பது, எந்த ஜனங்களுக்கு எத்தனை மதிப்பு என்று பொருள்படுவதாயிற்று. இதற்குள் டிரான்ஸிஸ்டர் ரேடியோ வந்து, வால்வுகளையும் கனத்த மின்கலத்தையும் சுமந்த நீலப் பெட்டியைப் பழம்பொருளாக்கிவிட்டது.

1965ஆம் ஆண்டு நவம்பரில் தென் ரொடீஷிய வெள்ளையர் தாமாகவே சுதந்திரப் பிரகடனம் செய்துகொண்டபின், அவர்களை எதிர்த்துப் போராடிய இயக்கங்களுக்கு லுஸாகா தன் வானலைகளைத் திறந்துவிட்டது. ஆப்பிரிக்கரைத் தனியே ஒதுக்கிவைக்கும் ஏற்பாட்டில் பிறந்த நிலையம், அந்த ஒதுக்கலை எதிர்ப்போரின் மேடையாயிற்று. இந்தப் போராட்டத்தின் கொடுமை அலிக் ந்காட்டாவையும் விட்டுவைக்கவில்லை. பணியிலிருந்து ஓய்வுபெற்று ம்குஷி என்ற ஊரருகே விவசாயம் செய்துகொண்டிருந்த அவர், 1978ஆம் ஆண்டில் ரொடீஷியப் படைகள் ஜாம்பியாவுக்குள் நடத்திய தாக்குதலில் உயிரிழந்தார்.

ஆனால் சுதேச அரசாங்கமும் அந்நிய அரசாங்கத்திடமிருந்து ஒரு பழக்கத்தைச் சுவீகரித்துக்கொண்டது. ஒலிபரப்பு அரசாங்கத்தின் இலாகாவாகவே நீடித்தது. ஆளும் கட்சியின் குரலே அதில் ஓங்கி ஒலித்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சோளமாவின் விலை உயர்ந்து நாட்டில் கலகம் மூண்டிருந்த சமயத்தில், 30ஆம் தேதி விடியற்காலையில், லெப்டினண்ட் முவாம்பா லுசெம்பே என்பவர் வானொலி நிலையத்துள் புகுந்து, ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிவிட்டதாக அறிவித்தார். சில மணி நேரத்தில் அந்த முயற்சி அடக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குள் தலைநகரின் தெருக்களில் ஜனங்கள் ஆரவாரத்தோடு திரண்டுவிட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரே புகழுரையைக் கேட்டுவந்தவர்களின் உள்ளத்தில் அதுவரை எது மறைந்து கிடந்தது என்பது அன்று வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நடந்த பல கட்சித் தேர்தலில் கவுண்டா தோல்வியுற்றார். அந்தத் தோல்வியை அவர் கண்ணியத்தோடு ஏற்றுக்கொண்டு பதவியிலிருந்து இறங்கினார் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆட்சி செய்வோர், அந்நியராயினும் சுதேசிகளாயினும், ஒலிபரப்புக் கருவி தங்கள் கையில் இருப்பதனால் கேட்போரும் தங்கள் கையில் இருப்பதாக எண்ணிவிடுகின்றனர். லுஸாகாவின் அனுபவம் அந்த எண்ணத்தை இருமுறை பொய்யாக்கியது. கேட்போர் தங்களுக்கு வேண்டிய பாட்டையும் மொழியையும் உறவையும் எடுத்துக்கொண்டார்கள். நம்பிக்கையை மட்டும், அதற்குத் தகுதி காட்டியவரிடமே கொடுத்தார்கள். எழுத்தறியாதவர்கள் என்று இகழப்பட்ட அந்த ஜனங்கள், நல்ல ஒலிபரப்பாளன் எவனும் மறக்கக்கூடாத இந்தப் பாடத்தை உலகுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஒலிபரப்பின் வரலாற்றை எழுதுவோர், நிலையங்களின் சக்தியையும் கோபுரங்களின் உயரத்தையும் குறித்துவைக்கும் அதே சிரத்தையோடு, கேட்டவர்களின் இந்தத் தீர்ப்பையும் குறித்துவைக்கக் கடமைப்பட்டவர்கள்.

வட ரொடீஷியர் தம் நாட்டுச் சர்க்கார் நிலையத்தைக் கேட்டுக்கொண்டே அதன் அரசியலை நிராகரித்தனர். அல்ஜீரிய மக்களோ அந்நிய அரசின் ஒலிபரப்பையே நெடுங்காலம் தம் வீட்டுக்குள் நுழையவிடாதிருந்து, 1956ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலைப் போராளிகளின் சொந்தக் குரல் வானலையில் எழுந்தபோது, கடைகளிலிருந்த ரேடியோக்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். பிரெஞ்சு ராணுவம் இரைச்சலைப் பரப்பி அந்தக் குரலை மூழ்கடிக்க முயன்ற வரலாற்றையும், இரைச்சலுக்கிடையே கேட்டதைக் கொண்டு கேளாததையும் அவர்கள் தமக்குள் நிரப்பிக்கொண்ட விதத்தையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)